எம்.டி.க்குப் பின் எந்தப் பாதை? திருகோணமலையிலிருந்து ஒரு மருத்துவரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

மருத்துவர்கள் பட்டப்பின் பரீட்சைகளில் சித்தியடையும்போது உறவினரும் ஊராரும் பழைய மாணவர் சங்கத்தினரும் தங்கள் பத்திரிகையில் படத்தோடு வாழ்த்து வெளியிடுவது வழக்கம். மருத்துவத்தில் பட்டப்பின் பட்டமான எம்.டி.க்குரிய பரீட்சையில் தேறிய எனக்கும் அண்மையில் அப்படியொரு வாழ்த்து வந்தது. அதைக் கண்ட மாமி ஒருவர், உவர்மலையில் எங்கள் ஒழுங்கையிலேயே வசிப்பவர், பலகாரத் தட்டோடு வீடு தேடி வந்து, "என்ன பிள்ளை, எம்.டி. முடிஞ்சுதாம், இனி ஹார்ட் டொக்டரோ கிட்னி டொக்டரோ?" என்று கேட்டார். பொது மருத்துவத்திலேயே நிற்கப்போகிறேன் என்றேன். அவருடைய முகம் சற்று வாடியது. "அப்ப ஸ்பெஷல் ஒண்டுமில்லையோ?" என்றார். என் மீதுள்ள அன்பினால் கேட்ட கேள்வி அது. ஆனால் வாசலில் நின்றபடி இரண்டு வசனத்தில் அதற்குப் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. எம்.டி. முடித்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியை வீட்டிலும் வெளியிலும் எதிர்கொண்டு வருவதால், அன்று சொல்லாமல் விட்ட பதிலைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நாட்டில் ஒருவர் மருத்துவ நிபுணராவதற்கு எவ்வளவு காலம் செல்கிறது என்பது வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. உயர்தரத்துக்குப் பின் மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள், அதன்பின் ஓர் ஆண்டு உள்ளகப் பயிற்சி, பின்பு ஏதோவொரு பிரதேசத்தில் மருத்துவ அதிகாரியாகக் கடமை, அதற்கிடையில் தெரிவுப் பரீட்சை, அதில் தேறினால் றெஜிஸ்ட்ரார் எனப்படும் பயிற்சி மருத்துவராகச் சில ஆண்டுகள், முடிவில் எம்.டி. பரீட்சை என்று படிகள் நீளுகின்றன. எம்.டி.யோடும் அது முடிவதில்லை. சீனியர் றெஜிஸ்ட்ராராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயின்ற பின்னரே நிபுணர் என்ற சான்றுறுதி கிடைக்கிறது. 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உருவாவதற்கு முன்னர் நிபுணராக விரும்பியவர்கள் பிரித்தானியப் பட்டங்களையே பெரிதும் நம்பியிருந்தார்கள். அந்த நிலை மாறி, நிபுணர்களை நாமே உருவாக்கிக்கொள்ளத் தொடங்கியது இந்நாட்டின் இலவச மருத்துவத்துக்குப் பெரும் பலமாயிற்று.

எம்.டி. (மருத்துவம்) முடித்தவருக்கு முன்னால் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஓர் உறுப்போடு நிற்காமல் முழு உடலையும் பார்க்கும் பொது வைத்திய நிபுணராவதற்கான பயிற்சிக்குப் போகலாம். அல்லது இதயம், சிறுநீரகம், நரம்பு, சமிபாட்டுத் தொகுதி, மூட்டுவாதம், அகஞ்சுரப்பி போன்ற உப விசேட துறைகளில் ஒன்றுக்குள் நுழையலாம். இடங்களின் எண்ணிக்கையும் பரீட்சையில் பெற்ற நிலையும் இத்தெரிவைக் கட்டுப்படுத்துகின்றன. அதிக புள்ளி பெற்றவர் உப விசேட துறைக்குத்தான் போவார், மற்றவர்களுக்கு மிஞ்சுவது பொது மருத்துவம் என்ற எண்ணம் எங்கள் மத்தியிலேயே வேரூன்றிவிட்டது. வெளியில் நிலைமை இன்னும் மோசம். பொது வைத்திய நிபுணர் என்றால் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எழுதும் வைத்தியர் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

எங்களுடையதை ஒத்த கேள்வி வேறு நாடுகளிலும் எழுகிறது. அமெரிக்காவில் உள்மருத்துவத்தில் ரெசிடென்சி எனும் நிபுணத்துவப் பயிற்சி 3 ஆண்டுகள். அதன்பின் இதயவியலுக்குப் போவதானால் மேலும் 3 ஆண்டுகளும் சிறுநீரகவியலுக்கு மேலும் 2 ஆண்டுகளும் பெலோஷிப் எனும் மேற்பயிற்சி செய்ய வேண்டும். இந்தியாவில் எம்.டி.க்குப் பின் டி.எம். என்ற உப விசேடப் பட்டத்துக்கு மேலும் 3 ஆண்டுகள். அதே அமெரிக்காவில் 1996 இல் ‘ஹொஸ்பிட்டலிஸ்ட்’ என்ற சொல் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. வார்டில் இருக்கும் நோயாளியை முழுமையாகப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பொது மருத்துவரைக் குறிக்கும் சொல் அது; ரெசிடென்சி முடித்த பெருந்தொகையானவர்கள் மேற்கொண்டு பெலோஷிப் எதுவும் செய்யாமல் இன்று அந்தப் பணியில் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் மருத்துவப் பயிற்சியை மீளாய்வு செய்து 2013 இல் வெளியிடப்பட்ட அறிக்கை, முதியவர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட நோயுள்ளவர்களும் பெருகிவருவதால் பரந்த பொதுப் பயிற்சியுள்ள மருத்துவர்கள் கூடுதலாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. வசதி படைத்த நாடுகளே இப்படி யோசிக்கும்போது, 2012 குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்த எங்கள் மாவட்டம் இதை இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் மனம் எந்த இடத்தில் தீர்மானத்துக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வைத்தியசாலையில் நான் கடமையாற்றிய காலத்தில், மூதூரைச் சேர்ந்த அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் உம்மா, உடம்பு முழுவதும் சோர்வு, கால் எழும்பவில்லை என்று வார்டில் அனுமதிக்கப்பட்டார். ஈ.சி.ஜி. தாளில் அலைகள் கூடாரம்போல் கூராக எழுந்து நின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் 6.4 இருந்தது, 5 அளவைத் தாண்டாமல் நின்றிருக்க வேண்டியது அது. கல்சியமும் இன்சுலினும் கொடுத்து இதயத்தைக் காப்பாற்றிக்கொண்ட பிறகு, குளிசைகளைக் காட்டச் சொன்னேன். அவருடைய மகள் ஒரு பழைய பால்மா டின்னைத் திறந்து கட்டிலில் கொட்டினார். அதோடு மூன்று கிளினிக் கொப்பிகள், ஒவ்வொன்றும் பத்திரமாக உறை போட்டவை. சீனி வருத்தக் கிளினிக்கின் கொப்பியில் எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசை இருந்தது. இதயக் கிளினிக்கின் கொப்பியில் லோசாட்டன் என்ற இன்னொரு பிரஷர் குளிசை இருந்தது. முழங்கால் நோவுக்குப் போன கிளினிக்கின் கொப்பியில் டிக்லோபெனாக் என்ற நோவுக் குளிசை இருந்தது. எனலாப்ரிலும் லோசாட்டனும் ஏறத்தாழ ஒரே பாதையில் வேலை செய்பவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் தளரும். டிக்லோபெனாக் அந்தத் தளர்வை இன்னும் கூட்டும். தனித்தனியே பார்த்தால் மூன்று கொப்பிகளிலும் பிழை இல்லை. மூன்றையும் ஒருங்கே விரித்துப் பார்க்க ஒருவர் இருக்கவில்லை என்பதே நடந்த பிழை.

அந்த உம்மா ஒரு கிழமையில் நடந்து வீடு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "மகள், இனி எந்தக் கொப்பிக்குப் போறது?" என்று கேட்டார். அவருக்கு ஒரே கொப்பியாக எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு வார்டு அமைதியான பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நீரிழிவு, பிரஷர், கொலஸ்ட்ரோல், மூட்டுநோவு, இலேசாகத் தளர்ந்த சிறுநீரகம் என்று ஐந்தும் ஒரே உடலில் சேர்ந்து வாழ்வதுதான் எங்கள் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரின் கதை. உறுப்புக்கு ஒரு நிபுணர் என்று போனால் அந்த உடலுக்கு ஐந்து நிபுணர்கள் வேண்டும். ஐந்து பேரையும் வைத்திருக்கத் திருகோணமலையால் முடிந்தாலும், அந்த உம்மாவால் மூதூரிலிருந்து ஐந்து நாள் பஸ் ஏறி வர முடியாது.

இன்னொரு வகை நோயாளியையும் நினைத்துப் பார்க்கிறேன். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயலுக்கு நீர் கட்டப் போன விவசாயியை இருட்டில் கண்ணாடி விரியன் தீண்டிவிடுகிறது. அவரைக் கொண்டு வந்ததும் செய்ய வேண்டிய முதற் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். அந்த மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கி ஆளை வீழ்த்திவிடலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் கொடுப்பது பயன் தருகிறது என்பதை 2011 இல் உலகுக்குச் சொன்ன ஆய்வு எங்கள் நாட்டு வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டதாகும். அந்த 20 நிமிடமும் கட்டிலருகே நிற்கிறவர் பொது மருத்துவர்தான். டெங்கு, எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து அருந்தியவர், மயங்கி விழுந்த முதியவர், மூச்சுத் திணறும் கர்ப்பிணி என்று நள்ளிரவில் வார்டுக்குள் வருகிற யாரும் தன் நோய் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று எழுதிக்கொண்டு வருவதில்லை.

இவ்வளவும் சொல்வதால் உப விசேட பயிற்சி வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. என்னோடு ஒன்றாகப் படித்து ஒரே ஆண்டில் எம்.டி. முடித்த நண்பர் சிறுநீரகவியலைத் தெரிவு செய்திருக்கிறார். அவருடைய தெரிவு என்னுடையதை விடச் சரியானதாகக்கூட இருக்கலாம். காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டி வருவதை எல்லோரும் அறிவர். எங்கள் மாவட்டத்தின் பதவி சிறிபுரவும் அந்தப் பகுதியோடு ஒட்டியே கிடக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்நோய் ஆரம்பத்தில் நோவு காட்டுவதில்லை, கால் வீங்குவதில்லை. நோயாளி வைத்தியசாலைக்கு வரும் நாளில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்படும். அதற்காகக் கையில் அமைக்கும் பிஸ்டியூலா என்ற இரத்தக்குழாய் இணைப்பு முற்றிப் பயன்பாட்டுக்கு வர 6 வாரமேனும் செல்லும் என்பதால், சுத்திகரிப்புத் தொடங்குமுன்பே அதைத் திட்டமிட வேண்டும். திட்டமிடாவிட்டால் கழுத்தில் குழாய் செருகித் தொடங்க வேண்டி வரும், கிருமித் தொற்று அடுத்ததாக வந்து நிற்கும். எப்போது பிஸ்டியூலா, எப்போது சுத்திகரிப்பு, யாருக்கு மாற்றுச் சிறுநீரகம் என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல அதையே ஆண்டுக்கணக்காகப் பயின்ற கண் வேண்டும். நான் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்தக் கண் எனக்கு வராது. விரியன் தீண்டியவரின் சிறுநீரகம் மூன்றாம் நாள் நின்றுபோனால் நான் முதலில் தொலைபேசி எடுப்பதும் அந்த நண்பருக்குத்தான்.

ஆகவே மேலதிகப் பயிற்சிக்குப் போகலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்கும் என் இளையவர்களுக்கு, எது உயர்ந்தது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கும்படி சொல்வேன். பத்து ஆண்டுகள் கழித்து வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். காலையில் யாரைப் பார்க்கிறீர்கள், கையால் என்ன செய்கிறீர்கள், நள்ளிரவில் எதற்காக எழுப்பப்படுகிறீர்கள், அந்த வேலை உங்களுக்குச் சலிக்குமா என்று யோசியுங்கள். இதய இரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம் அறையில் கனத்த ஈய உடுப்போடு மணிக்கணக்காக நிற்பதில் மனம் நிறைகிறவர் தயங்காமல் இதயவியலுக்குப் போக வேண்டும். ஒரே உறுப்பை எத்தனை ஆண்டு பார்த்தாலும் புதிதாக எதையேனும் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொது வார்டில் கட்டிப்போடுவது அவர்களுக்கும் நல்லதன்று, நோயாளிக்கும் நல்லதன்று. எனக்கோ சமிபாட்டுத் தொகுதிப் பிரிவில் பயின்ற மாதங்களில், கமரா பொருத்திய குழாயைவிட, பக்கத்துக் கட்டிலில் காரணம் தெரியாத காய்ச்சலோடு கிடந்தவரே மனத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அதை அன்றே கவனித்திருக்கலாம். கவனிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அடுத்தது, கற்ற வித்தையைப் பயன்படுத்தக் கருவியும் ஆளும் உள்ள இடம் எது என்ற கேள்வி. உப விசேட நிபுணர் தனி ஆளாக வேலை செய்ய முடியாது. பயிற்சி பெற்ற தாதியர், தொழினுட்பவியலாளர், இயந்திரம், அதற்குரிய நுகர்பொருட்கள் யாவும் சேர்ந்தால்தான் அவருடைய படிப்பு நோயாளியைச் சென்றடையும். அவை இல்லாத ஊருக்கு நியமனம் பெற்றவர், ஒன்றில் தான் கற்றதை மறந்துகொண்டு இருக்க வேண்டும், அல்லது இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்ப விரும்பும் ஒருவர் இதைப் படிவம் நிரப்பும் முன்பே விசாரித்து அறிவது நல்லது.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். அரச சேவையிலுள்ள நிபுணர் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் நிலையங்களில் நோயாளரைப் பார்க்க இந்நாட்டில் இடமுண்டு. உப விசேட நிபுணருக்குச் சனலிங்கில் கூட்டம் அதிகம், சிகிச்சை முறைகளால் வருமானமும் அதிகம். குடும்பக் கடன் உள்ளவர், தம்பி தங்கையரைக் கரை சேர்க்க வேண்டியவர் அதை யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எம்.டி. முடிக்கும்போதே முப்பது வயதைக் கடந்து விடுகிறோம் என்பதையும், உப விசேட பயிற்சி அதற்குமேலும் ஆண்டுகளைக் கேட்கும் என்பதையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுத வேண்டும். எனக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறாள். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, கல்லோயாச் சந்தியும் கந்தளாயும் தாண்டி, விடிகிற நேரம் சீனன்குடாவில் கடற்காற்று முகத்தில் படும்போது, இந்தமுறை என்னை அடையாளம் தெரியாமல் ஒளிந்துகொள்வாளோ என்று பயந்த காலைகள் எனக்கு உண்டு. பொது மருத்துவத்தைத் தெரிவு செய்ததால் எனக்கும் பயிற்சி முடிந்துவிடவில்லை. சீனியர் றெஜிஸ்ட்ரார் காலமும் வெளிநாட்டுப் பயிற்சியும் இன்னும் உள்ளன. ஆனாலும் முடிவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயிற்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையின் கடமைப் பட்டியலிலும் காணலாம். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; அவர்களுடைய வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. பிணை ஒப்பந்தம் எழுதி வாங்குவதால் மட்டும் ஒருவரைத் திரும்பி வரவைக்க முடியாது என்பதே என் கருத்து. திரும்பி வந்து எந்த ஊரில், எந்த வசதியோடு வேலை செய்யப் போகிறோம் என்று புறப்படும்போதே தெரிந்திருந்தால் பலர் வருவார்கள்.

இதையே சுகாதார அமைச்சிடமும் மாகாண அதிகாரிகளிடமும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஐந்து பத்து ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், கந்தளாய், மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளுக்கும் எந்தெந்தத் துறையில் எத்தனை நிபுணர்கள் தேவை, அவர்களுக்காக என்னென்ன பிரிவுகள் அமையப் போகின்றன என்பதை எம்.டி. முடித்தவர்கள் துறையைத் தெரிவு செய்யும் நாளுக்கு முன்னரே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இப்போது நாங்கள் பெரும்பாலும் செவிவழிச் செய்தியை நம்பியே தெரிவு செய்கிறோம். உப விசேட நிபுணர் நிரந்தரமாக இல்லாத வைத்தியசாலைக்கு மாதத்தில் சில நாட்களாவது ஒருவர் வந்து போகும் ஒழுங்கு இருந்தால், பொது வைத்திய நிபுணர் மீதிச் சிகிச்சையை ஊரிலேயே தொடரலாம். நோயாளிக்கு அநுராதபுரத்துக்கும் மட்டக்களப்புக்கும் அலையும் செலவு குறையும். ஒரு நோயாளிக்கு ஒரு கொப்பி என்ற ஒழுங்கையும் சேர்த்துக் கேட்கிறேன். அதற்குப் பெரிய செலவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை எம்.டி. முடித்து வந்து பொது மருத்துவம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை முழுவதும் கேளுங்கள். உப விசேட துறைக்குப் போகிறேன் என்றாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். அயல்வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். ஒழுங்கையில் என்னைக் கேள்வி கேட்ட மாமிக்கும் நீண்டகாலமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது எல்லாக் கொப்பிகளையும் எடுத்து வரும்படி சொல்லியிருக்கிறேன்.

அரச சேவையில் இருப்பதால் என் பெயரைத் தவிர்த்து இக்கடிதத்தை வெளியிடுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
மருத்துவர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.